செயல்பாடு நிறைவடையாத பொருள்

எங்கள் நிறுவனத்தில் சொற்களுக்கு மூன்று நிறங்கள் உண்டு. பச்சை என்றால் எழுதலாம். மஞ்சள் என்றால், வேறு வழியே இல்லாதபோது எழுதலாம். சிவப்புச் சொல் ஒன்று இருந்தாலும் கணினி அந்தத் தாளை அச்சுக்கு விடாது. 'ஆயுதம்' சிவப்பு, 'அமைப்பு' பச்சை. 'கொல்வது' சிவப்பு, 'விளைவு ஏற்படுத்துவது' பச்சை. 'எதிரி' நெடுநாள் மஞ்சளில் கிடந்து, நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது வருடம் சிவப்புக்குப் போனது. நிறம் பூசுகிறவன் நான்தான். கெப்ஹார்ட் ஸைட்டர், கையேட்டுப் பிரிவு, இருபத்தாறு வருடச் சேவை.

ஆலை குன்றின் மேல் இருக்கிறது. ஊர் கீழே, நெக்கர் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். இங்கே யாரும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. 'மேல வேலை' என்பார்கள், அவ்வளவுதான். ரொட்டிக்கடைக்காரரின் மகள் மேலே, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் மேலே, தீயணைப்புப் படையில் பாதிப் பேர் மேலே. என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி வெட்கமும் கிடையாது, பேச்சும் கிடையாது. நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவன். இரண்டு வருடம் என்று நினைத்து வந்தேன். மாலையில் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். வாசிக்கிற மொழியும் நான் மேலே எழுதுகிற மொழியும் ஒன்றுதான் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தனியாக இருப்பவனுக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை.

வியாழக்கிழமைகளில் சொற்குழு கூடும். மேசையில் வெண்ணெய் தடவிய பிரெட்ஸெல் ரொட்டி, காப்பி. மூன்று பேர்: விற்பனையிலிருந்து வுர்ஸ்டர், சட்டப் பிரிவிலிருந்து டாக்டர் ஷெம்ப் அம்மையார், நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழனன்று வுர்ஸ்டர் கொண்டுவந்த சொல் 'வெடிக்காத குண்டு'.

"கண்காட்சில போற இடமெல்லாம் இதே கேள்விதான். வயல்ல எத்தனை கிடக்கும், யாரு பொறுக்குவா, குழந்தைங்க எடுத்தா என்ன ஆகும்னு. புதுக் குண்டுல வெடிக்கலைன்னா தானே செயலிழக்கிற அமைப்பு வெச்சிருக்கோம். அப்புறம் எதுக்கு நம்ம கையேட்டுலயே 'வெடிக்காத குண்டு'ன்னு நாமே எழுதிக் குடுக்கணும்?" என்றார்.

"வேற என்னன்னு சொல்றது?" என்று கேட்டார் ஷெம்ப்.

"செயல்பாடு நிறைவடையாத பொருள்."

நான் ஆட்சேபம் சொன்னேன். அதை மறக்க முடியவில்லை, ஏனென்றால் என் ஆட்சேபம் அந்தத் தொடர் நீளம், காதுக்கு நன்றாக இல்லை என்பது மட்டும்தான். வுர்ஸ்டர் சிரித்தார். "கவிதையா எழுதப் போறோம், ஹெர் ஸைட்டர்?" ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அடுத்து 'குறி' என்ற சொல்லுக்குப் போனோம்.

*

ஓட்மார் ஹேஃப்லே எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்தளத்தில் குடியிருக்கிறான். முப்பத்தொரு வருடமாகச் சோதனைக் களத்தில் வேலை. குண்டுகளைச் சுட்டு முடித்ததும் களத்தில் நடந்து, வெடித்தவை எத்தனை, வெடிக்காதவை எத்தனை என்று கணக்கெடுப்பவன் அவன்தான். வெடிக்காதது கிடந்தால் கொடி நட்டு, கையேட்டில் சொன்னபடி நடந்துகொள்வான்.

கையேட்டில் சொன்னபடி என்பது அந்தக் களத்தின் சட்டம். எண்பதுகளில் ஒருவன் பழைய குண்டின் பழக்கத்தைப் புதுக் குண்டிடம் காட்டி உயிரை விட்டான். அன்றிலிருந்து கள அலுவலகச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: நினைவை வைத்து வேலை செய்யாதே. ஒவ்வொரு குண்டு வகைக்கும் அந்த வகையின் கையேட்டை எடுத்துக்கொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும். அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும், அனுபவம் வேறு சொன்னாலும். ஓட்மார் கையேட்டை ஞெகிழி உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வான். களத்தில் அவனை எல்லாரும் 'பாதிரியார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு புதன்கிழமை, புதுக் குண்டின் மூன்றாவது சோதனையில், ஒன்று வெடிக்கவில்லை. ஓட்மார் பதினோரு நிமிடம் காத்திருந்தான். களத்துக் கணினியில் அது பதிவாகியிருக்கிறது. பிறகு போய் எடுத்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே போயிற்று. ஒரு காது போயிற்று. கழுத்தில் தொங்கிய கையேடும் கிழிந்து எரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் கையேடுகள் எல்லாவற்றிலும் வெடிக்காத குண்டை அணுக முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கும். அது எல்லாருக்கும் மனப்பாடம். பதினொன்று முப்பதுக்குக் குறைவு. ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

"வயசாயிடுச்சுல்ல. காலைச் சிற்றுண்டிக்கு ஓடியிருப்பான்."

"பாதிரியாருக்கே பசி வந்துடுச்சுன்னா பாரேன்."

பொல்லாத மனிதர்கள் இல்லை. மேலே வேலை செய்கிறவர்கள். தவறு ஒரு ஆளுடையது என்று இருந்தால்தான் அவர்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியும்.

*

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். ஓட்மாரின் மனைவி ரோஸ்விதா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையை அவன் தலையணை மேல் வைத்திருந்தான், வேறு யாருடைய பொருளையோ பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல.

"இந்தக் காதுப்பக்கம் வந்து உக்காரு. அந்தப் பக்கம் கடை சாத்தியாச்சு," என்றான்.

உட்கார்ந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாத விரல்தான் வலிக்குது. அரிக்குது வேற. இல்லாததை எப்படிச் சொறியறது? உங்க சொற்குழுவுல கேட்டுச் சொல்லு."

ரோஸ்விதா சிரிக்கவில்லை. "நேத்து ஒருத்தர் வந்தார், மேலயிருந்து. பூங்கொத்து குடுத்துட்டு, கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு தாளைக் காட்டினார். எந்தக் கையால போடுவாருன்னு கேட்டேன். போயிட்டார்," என்றாள்.

"என்ன தாள்?"

"நான் முப்பது நிமிஷத்துக்கு முன்னாடியே போனதா ஒத்துக்கிறேனாம்." ஓட்மாரின் குரல் மாறிவிட்டது. "கெப்ஹார்ட், கை போனது போகட்டும். அது இந்த வேலைல இருக்கிறதுதான். ஆனா நான் அவசரப்பட்டேன்னு எவனாவது சொன்னா என்னால தாங்க முடியலடா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை... ஒரு தடவை சொல்லு பாப்போம். புத்தகத்துல ரெண்டு நிமிஷம்னு இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல தானே செயலிழந்துடும், அப்புறம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புன்னு. எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் கூட ஒன்பது நிமிஷம் நின்னேன். அதுக்கு மேல நின்னா நினைவை வெச்சு வேலை செய்யறதா ஆயிடும்ல?"

"ரெண்டு நிமிஷம்னா இருந்துச்சு?"

"நீ எழுதின புத்தகம். என்னைக் கேக்கறே? போய்ப் பாரு."

*

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துப் பக்கம் முப்பத்தெட்டைத் திறந்தேன்.

அவன் சொன்னபடிதான் இருந்தது. 'செயல்பாடு நிறைவடையாத பொருள் இரண்டு நிமிடத்தில் தானாகச் செயலிழக்கும். அதன்பின் அதை எடுத்துப் பரிசோதனைக்கு ஒப்படைக்கவும்.' அதற்கு மேலே இருக்க வேண்டிய கறுப்புக் கட்டம் இல்லை. தொடாதே, முப்பது நிமிடம் அணுகாதே, வெடிப்பு அதிகாரியைக் கூப்பிடு என்ற மூன்று வரிகள் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைகூட விடப்படவில்லை. கீழே இருந்த வரி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

அது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. எங்கள் கணினியில் எச்சரிக்கைகள் பக்கங்களில் இல்லை, சொற்களில் கட்டப்பட்டிருக்கின்றன. 'வெடிக்காத குண்டு' என்று எங்கே எழுதினாலும் அந்தக் கறுப்புக் கட்டம் தானே வந்து அதற்கு மேல் நிற்கும். யாரும் மறந்துவிடக் கூடாதென்று பல வருடத்துக்கு முன் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. நான் செய்ததுதான். சொல்லைச் சிவப்பாக்கும்போது, அதோடு கட்டியிருப்பவற்றைப் புதுச் சொல்லுக்கு மாற்றவா என்று கணினி கேட்கும். 'ஆம்', 'இல்லை', 'பின்னர்' என்று மூன்று பொத்தான்கள். மாற்றுவதென்றால் ஒவ்வொரு கையேடாகத் திறந்து பார்க்க வேண்டும், ஒரு நாள் வேலை. பதிவேட்டில் அந்த வியாழக்கிழமையின் தேதி, நேரம், என் பெயரின் முதலெழுத்துகள். அதன் பக்கத்தில்: பின்னர்.

பழைய கையேடுகள் ஏற்கெனவே அச்சானவை என்பதால் அவை தப்பின. அதற்குப் பிறகு வந்த ஒரே புதுக் கையேடு இதுதான். பிழை பார்ப்பவர்கள் இருவர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தாளில் இருப்பது சரியா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். இல்லாததை யார் பார்ப்பது?

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காப்பி இயந்திரம் இரைந்தது. யாரோ வாராந்திரக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். என் கையைப் பார்த்தேன். பொத்தானை அழுத்திய விரல் எது என்று நினைவில்லை. அப்படி ஒன்றைச் செய்ததே நினைவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு விநியோகப் பட்டியலைத் திறந்தேன். சோதனை முடியும் முன்பே முதல் தொகுதி நான்கு நாடுகளுக்குப் போயிருந்தது, கையேட்டோடு. பதினோராயிரத்து அறுநூறு பிரதிகள். நாடுகளின் பெயர் எங்கள் பிரிவுக்குத் தெரியாது. பயனர் அ, பயனர் ஆ, பயனர் இ, பயனர் ஈ.

*

டாக்டர் ஷெம்பின் அறை மூன்றாம் மாடியில். ஜன்னலில் கள்ளிச்செடிகள் வைத்திருப்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. அதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும். ஓட்மாருக்குப் பாதி தெரியும்."

எழுந்து கதவைச் சாத்தினார். "ஹெர் ஸைட்டர், நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

"ரெண்டு வேலை. ஓட்மார் கையேட்டுப்படிதான் நடந்தான், தப்பு கையேட்டுல, தப்பு என்னோடதுன்னு அறிக்கை எழுதணும். அந்த நாலு பேருக்கும் இன்னைக்கே திருத்தத் தாள் போகணும்."

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. "ரெண்டும் முடியாது. ஒண்ணுதான் முடியும்."

"ஏன்?"

"எச்சரிக்கை இல்லாததால ஒரு ஆள் கையை இழந்தாருன்னு நாமளே எழுதிட்டா, அது விபத்து விசாரணை ஆயிடும். விசாரணை முடியற வரைக்கும் அந்தக் குண்டைப் பத்தி ஒரு தாள்கூட வெளிய போகாது. நிர்வாகம் விடாது. காப்பீட்டுக்காரங்க விடமாட்டாங்க. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அதுவரைக்கும் அந்தப் புத்தகம் அப்படியேதான் இருக்கும், இருக்கிற இடத்துல."

"இன்னொண்ணு?"

"மூல வாசகத்துல எச்சரிக்கை இருந்துச்சு, களத்துக்குப் போனதும் அதுதான்னு எழுதுவோம். வெளிய அனுப்பினதுல பக்கம் அமைக்கும்போது விடுபட்டுப்போச்சு. வழக்கமான திருத்தம். மாசத்துக்கு நாலு அனுப்பறோம், அதோட இது அஞ்சாவது. நாளைக்கே போயிடும், யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா அப்படி எழுதினா..."

"ஓட்மாருக்கு எச்சரிக்கை தெரியும்னு ஆயிடும்."

"முப்பத்தொரு வருஷ அனுபவம். தெரியாம இருக்குமான்னுதான் யாரும் கேப்பாங்க. கை போனதுக்கு உண்டானது எல்லாம் அவருக்குக் கிடைக்கும், அதுல ஒரு குறையும் வைக்க மாட்டோம். அவர் பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்."

ஜன்னலில் இருந்த கள்ளிச்செடிகளைப் பார்த்தேன்.

"நீங்க முடிவு செய்யுங்க," என்றேன்.

"கையேட்டுக்குப் பொறுப்பாளர் நீங்க. ரெண்டு தாளுலயும் உங்க கையெழுத்துதான் வேணும். நான் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு," என்றார்.

எழுந்தபின் ஒன்று கேட்டேன். "திருத்தத் தாள்ல 'வெடிக்காத குண்டு'ன்னே போட முடியுமா? ஒரே ஒரு இடத்துல. தூரத்துல இருக்கிற ஆள் படிச்ச உடனே புரிஞ்சுக்கணும்."

"சிவப்புச் சொல். கணினி விடாது," என்றார் களைப்பாக. "பூட்டினது நீங்கதானே."

*

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். இருந்தது இருந்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவன் சொல்கிறபடி செய்ய வேண்டும் என்று ரயிலில் போகும்போது முடிவு செய்திருந்தேன்.

ஓட்மார் இடது கையால் கரண்டி பிடித்துப் பயறும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி மேலாடையில் இருந்தது. ரோஸ்விதா துடைக்கப் போனால் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் ஓட்மார்," என்றேன்.

"தெரியுதே. கண்ணு ரெண்டும் இருக்கு."

"இல்லை. எச்சரிக்கை விடுபட்டது என்னால." பொத்தானைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமையைப் பற்றி, பிரெட்ஸெல்லைப் பற்றிக்கூடச் சொன்னேன். எதற்கென்று தெரியவில்லை.

ரோஸ்விதாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. ஓட்மார் கரண்டியைத் தட்டில் வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அப்போ நான் சரியாத்தான் செஞ்சேன்," என்றான். "ரோஸ்விதா, கேட்டியா? நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"கேட்டேன்," என்றாள் அவள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறு நாளா படுத்துக்கிட்டு நானே என்னைக் கேட்டுட்டிருக்கேன்டா. ஒருவேளை நான்தான் தப்பாப் படிச்சேனோ, பக்கத்தை மாத்திப் புரட்டிட்டேனோன்னு. பைத்தியமே பிடிச்சுடும் போல இருந்துச்சு." இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தான். கையில் பயற்றுக் குழம்பு ஒட்டியிருந்தது. "கை போனா கழுதை போச்சு. எழுதிக் குடுத்துடு. ஒரு வரி போதும். ஓட்மார் ஹேஃப்லே கையேட்டுப்படி நடந்தான். மான் விடுதில அந்தத் தாளை மேசைமேல வெச்சுட்டு ஒரு பியர் குடிப்பேன். எவன் என்ன பேசறான்னு பாக்கறேன்."

"எழுதறேன்," என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோது அது பொய் இல்லை.

அப்புறம் ஓட்மாரே கேட்டான். "அந்தப் புத்தகம் வேற எங்கயும் போயிருக்கா?"

"போயிருக்கு."

"எத்தனை?"

சொன்னேன். கரண்டியை எடுக்கப் போன கை நின்றுவிட்டது.

"அட கடவுளே. அப்போ முதல்ல அதை நிறுத்துடா. இங்க எதுக்கு உக்காந்திருக்கே?"

இரண்டையும் செய்ய முடியாது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இன்னும் வடியாமல் இருந்தது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு தாதி வந்தாள். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டேன். முதல்ல அதை நிறுத்து என்று அவன் சொன்னதை, அவன் தந்த சம்மதம் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சம்மதமில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது.

*

புதன்கிழமை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. புத்தகம் எதையும் திறக்கவில்லை.

நிறுத்தி நிதானமாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவன், அவன் பெயர், அவன் மேலாடையில் சிந்திய பயறு. மறுபக்கம் பயனர் அ. ஏதோ ஒரு வயல், ஏதோ ஒரு சாலையோரம். கையேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதில் சொன்னபடி நடக்கிற ஒருவன் அங்கேயும் இருப்பான். அவன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓட்மாரின் முகம்தான் வந்தது.

அந்த வயலில் அந்தக் குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்பதும் ஞாபகம் வந்தது. வெடிக்காமல் கிடந்து ஒருவன் கையை எடுப்பது பிழை. சரியாக வெடித்து நான்கு பேரைக் கொல்வது பிழையில்லை, அதற்குத்தான் விற்கிறோம். அதற்குத் திருத்தத் தாள் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் இதை நான் நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்ததை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. முதல் தாளில் என் பெயர் இருக்கும், 'பின்னர்' என்ற பொத்தான் இருக்கும். இரண்டாவது தாளில் அது இல்லை. பக்கம் அமைக்கும்போது விடுபட்டது, யாருடைய கையும் இல்லை. முன்பின் தெரியாதவர்களைக் காப்பாற்றுகிற தாளே என்னையும் காப்பாற்றியது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததில் அவர்கள் எவ்வளவு, நான் எவ்வளவு என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டாவது தாளிலும், அதோடு சேர்ந்த விபத்து அறிக்கையிலும் கையெழுத்திட்டேன். டாக்டர் ஷெம்ப் வாங்கிக் கோப்பில் வைத்தார். பத்து மணிக்குச் சொற்குழு வழக்கம்போல் கூடியது.

திருத்தத் தாள் மறுநாள் நான்கு பயனர்களுக்கும் போனது. பக்கம் முப்பத்தெட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னத் துண்டு, பின்புறம் பசை தடவியது. 'செயல்பாடு நிறைவடையாத பொருளை முப்பது நிமிடம் அணுகாதே.' பெற்றுக்கொண்டதாக மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது. நான்காவது இடத்துக்கு இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினேன். யாராவது ஒட்டினார்களா என்பது எங்கள் பிரிவுக்குத் தெரியவரும் விஷயமில்லை.

*

ஓட்மார் மே மாதம் வீடு வந்தான். அதற்கு முன்பே அறிக்கை அவன் கைக்குப் போயிருந்தது. 'கையேட்டின் காத்திருப்பு நேரம் ஊழியரால் கடைப்பிடிக்கப்படவில்லை.' கீழே கையேட்டுப் பொறுப்பாளரின் ஒப்பம்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படியை வாரம் ஒரு வீட்டார் கழுவ வேண்டும். அவன் மருத்துவமனையில் இருந்தவரை அவர்கள் வாரத்தையும் நான்தான் கழுவினேன். அந்தச் சனிக்கிழமையும் வாளியோடு மேலே ஏறினேன். ரோஸ்விதா ஏற்கெனவே முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு ரோஸ்விதா, நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம். எங்க வாரத்தை நாங்க கழுவிக்கிறோம்." நிமிரவில்லை. "அவருக்கு நான் படிச்சுக் காட்டினேன். மூணு தடவை படிக்கச் சொன்னார். உன் கையெழுத்துதானான்னு கேட்டார். வேற எதுவும் கேக்கலை."

"நான் வந்து அவன்கிட்ட விளக்கமா..."

"அந்தப் புத்தகம் நின்னுச்சா?"

"திருத்தம் போயிடுச்சு."

"சரி," என்றாள். துணியைப் பிழிந்தாள். "நல்லது. இப்போ எறங்கு. ஈரமா இருக்கு, கால் தடம் பதியுது."

நான் போய் விளக்கவில்லை. விளக்குவதாக இருந்தால் அவனிடம் கேட்க வேண்டியிருக்கும்: நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. தானும் அதையே செய்திருப்பேன் என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். முதலில் என்னைக் கேட்டிருக்கலாமே என்றும் சொல்வான்.

*

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மான் விடுதிக்குப் போனபோது, ஜன்னலோர மேசையில் ஓட்மார் இருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. கூட ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற கார்ல்ஹைன்ஸ், ஆர்கன்காரர் லாம்பார்ட்டர், இன்னும் இரண்டு பேர். திரும்பிப் போயிருக்கலாம். கார்ல்ஹைன்ஸ் பார்த்துவிட்டார்.

"ஏய், புத்தகக்காரா! இங்க வா, இடம் இருக்கு."

ஓட்மாருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவனுடைய கேட்காத காதுப்பக்கம் லாம்பார்ட்டர் இருந்தார். வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. ரோஸ்விதாவின் வேலையாக இருக்கும், நேர்த்தியாக இருந்தது. அவன் எனக்குத் தலையசைத்தான். மற்றவர்களுக்கு அசைத்த அளவுதான்.

பியர் வந்தது. திராட்சை அறுவடை, புதுப் பாலம், யாருடைய மாப்பிள்ளையோ வாங்கிய கார் என்று பேச்சு போயிற்று. கார்ல்ஹைன்ஸுக்கு இரண்டாவது கோப்பையில் கிண்டல் பிறக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"சமையல்காரம்மா, நம்ம ஓட்மாருக்கு வறுவல் சீக்கிரம் கொண்டா! அவனால காத்திருக்க முடியாது. போன தடவை என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

இரண்டு பேர் சிரித்தார்கள். லாம்பார்ட்டர் கோப்பையைப் பார்த்தார்.

"சும்மா சொன்னேன்ப்பா, கோவிச்சுக்காதே." கார்ல்ஹைன்ஸ் ஓட்மாரின் தோளில் தட்டினார். "யாருக்கும் வரலாம். நானே ஒரு தடவை முப்பதை இருபதா நெனச்சிருக்கேன். முப்பதுதானே அது? இல்ல நாற்பதா?"

ஓட்மார் இடது கையால் கோப்பையை மேசைமேல் ஒரு சுற்று திருப்பினான். எல்லாரும் காத்திருந்தார்கள். கார்ல்ஹைன்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"எழுதறவன் இங்கேயே இருக்கானே, அவனையே கேப்போம். சொல்லு ஸைட்டர், உன் புத்தகத்துல எவ்வளவு போட்டிருக்கு?"

ஓட்மார் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. மருத்துவமனையில் பக்கத்தை மாற்றிப் புரட்டிவிட்டேனோ என்று சொன்னானே, அந்தப் பார்வை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மாலைக்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும், நாளைக் காலை மூன்றாம் மாடிக்கும். திருத்தத் தாள் பொய்த் தாளாகிவிடும். நான்காவது இடத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேனா, இப்போது எழுதும்போது அடுக்குகிறேனா என்று தெரியவில்லை.

"முப்பது," என்றேன்.

"பாத்தியா, முப்பதுதான்," என்றார் கார்ல்ஹைன்ஸ்.

ஓட்மார் தலையசைத்தான், ஒரு தகவலைக் கேட்டுக்கொள்கிறவன்போல. இடது கையால் கோப்பையை எடுத்து, மீதியை ஒரே மூச்சில் குடித்தான். எழுந்தான். நாற்காலியின் முதுகிலிருந்து கோட்டை எடுத்து, இல்லாத கைப்பக்கம் முதலில் போட்டான். மறுபக்கம் கோட்டுக் கையின் வாய் பின்னால் மடங்கிக்கொண்டது. இடது கையை முதுகுக்குப் பின்னே விட்டுத் தேடினான், கிடைக்கவில்லை. மறுபடி தேடினான். மேசையில் எல்லாரும் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நான் இருந்தேன்.

மூன்றாவது தடவை விட்டுவிட்டான். கோட்டைப் பாதி தோளில் தொங்கவிட்டபடியே கதவைத் திறந்து வெளியே போனான்.